பழனி என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போன பயணம்

திருப்பூரிலிருந்து மதுரைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நாங்கள் போனது 2006-ல். அம்பது கிலோமீட்டரில் கோயமுத்தூர் இருக்கும்போது நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாலு திருப்பூர்க்காரன் உட்கார்ந்திருப்பான். அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதலிபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதுதான், ஆனால் சாயத்தில் நான் டாக்டர் பட்டம் வாங்காதது அந்தப் பட்டத்துக்குத்தான் நஷ்டம். என் நீலத்தைப் பார்த்து ஓர் இத்தாலிக்காரன் அழுதேவிட்டான். சரி, கண் கலங்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் வந்தது என் அக்கா வீட்டுக்காரருக்கு. பெயர் நாச்சிமுத்து என்று இருக்கட்டும். ராயபுரத்தில் வீடு, சொந்தமாகப் பனியன் கம்பெனி. ஒருநாள் பட்டறைக்கு வந்து தன் வெள்ளைப் பனியனை என் மேசைமேல் போட்டார். இடது பக்கம், மார்புக்கு நேராகப் பத்துப் பைசா அளவுக்கு ஒரு பழுப்புக் கறை.

"மாப்ள, நீ சாயம் போட்ட சட்டையத்தான் மேல போட்டிருந்தேன். உன்ற கலர் ஓடுது பாரு."

எனக்கு வந்ததே கோபம்! முப்பது வருஷத்தில் என் சாயம் ஓடியது என்று ஒருத்தன் சொன்னதில்லை. அந்தச் சட்டைத் துணியைக் கொதிக்கக் கொதிக்கத் துவைத்தேன், ஈரத்துணி வைத்துத் தேய்த்தேன், உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பனியனைக் கொண்டுவந்தார், அதே இடத்தில் அதே கறை. மறுபடி சோதனை, மறுபடி சண்டை. இப்படியே ரெண்டு மாசம் ஓடியது. என் சாயத்தின்மேல் குற்றமில்லை என்று நிரூபித்துவிட்டேன். அப்படியென்றால் அது என்ன கறை என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசியில் துணி துவைக்கிற என் அக்காதான் மோந்து பார்த்துவிட்டு, "இது ரத்தமுங்க" என்றாள்.

மார்புப் புற்றுநோய் ஆம்பிளைக்கும் வரும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? மச்சானுக்கு நோயைவிட அந்தப் பேர்தான் பெரிய பயம். "பொம்பள சீக்கு வந்திருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா நான் கம்பெனிக்குள்ள எப்படி மாப்ள நடப்பேன்?" என்றார். அதனால்தான் மதுரை. ஊருக்கும் உறவுக்கும் சொன்னது பழனி.

வழியைச் சொல்கிறேன். விடிய நாலரைக்குக் கிளம்பினால் அவிநாசிபாளையம், குண்டடம் தாண்டி ஆறு மணிக்குள் தாராபுரம். அங்கே ஒரு டீ. ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஒன்பதுக்கெல்லாம் மதுரை. போக வர சுமார் நானூறு கிலோமீட்டர், டீசல் அப்போது ஆயிரம் ரூபாய்க்குள். கம்பெனி டிரைவர் வாயைத் திறப்பான் என்று வெளியே இருந்து செல்வராஜை அமர்த்தினோம். நாசரேத் பக்கத்துக்காரர். நாளைக்கு நூற்றைம்பது பேட்டா, சாப்பாடு நம்முடையது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அன்றைக்கு இருநூற்றைம்பது ரூபாய்க்கு லாட்ஜ் கிடைத்தது. மாடி அறை வேண்டாம், ஊசி மருந்து ஏறிய உடம்புக்குப் படி ஏற முடியாது.

அங்கே பெரிய டாக்டர் ஓர் அம்மா. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். ஆம்பிளை உடம்பிலும் பெண் ஹார்மோன் கொஞ்சம் ஓடத்தான் செய்யுமாம். சில கட்டிகளின் செல்லில் அந்த ஹார்மோன் வந்து உட்கார ஓர் இடம் இருக்கும். அது உட்கார்ந்தால் கட்டி வளரும். மச்சானின் கட்டியில் அந்த இடம் நிறைய இருந்தது.

"அப்ப நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்றார் மச்சான்.

"நல்லதுதான். ஊசியெல்லாம் முடிஞ்சதும் ஒரு மாத்திரை தருவேன். அது ஹார்மோனுக்கு முந்திப் போய் அந்த இடத்துல உட்கார்ந்துக்கும். அஞ்சு வருஷம் சாப்பிடணும்."

நான் விடுவேனா? "சாயம் மாதிரிங்கம்மா. நூலில் பிடிக்க இடம் இருந்தாத்தான் சாயம் ஏறும். பருத்திக்குப் பிடிக்கிற சாயத்தைப் பாலியஸ்டரில் போட்டா, கழுவின தண்ணியோட போயிரும்" என்றேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "இனிமே நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கப் போறேன்" என்றார். எழுந்து நின்று கை கொடுத்தார் என்றுகூட ஊரில் சொல்லிவருகிறேன். அந்த அளவுக்கு இல்லை.

அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரே தங்கச்சிங்க."

"ரத்தச் சொந்தத்துல வேற யாருக்காவது இது வந்திருக்கா?"

சின்னம்மா ஒருத்தர் இதில்தான் போனார் என்றார் மச்சான். டாக்டரம்மா முகம் மாறியது. நம் உடம்பில் செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் சின்னச் சின்னப் பிழை விழுமாம். அதைச் சரிசெய்ய என்றே சில ஜீன்கள் உண்டு. பனியன் துணியில் ஒரு பின்னல் கண்ணி விட்டுப்போனால் மேசையில் போட்டுத் தைத்துச் சரிபண்ண ஆள் வைத்திருக்கிறோமே, அது மாதிரி. அந்த ஆளே இல்லாவிட்டால் ஒரு கண்ணி பத்தாகும், துணி முழுக்க ஓட்டையாகும். ஆம்பிளைக்கே இந்த நோய் வந்தால், அந்த ஜீன் பழுதாகப் பிறந்த குடும்பமாக இருக்கலாம். அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ பாதிக்குப் பாதி பிள்ளைகளுக்கு வரும். "உங்க தங்கச்சிய உடனே கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா உங்க ஊர்லயே காட்டச் சொல்லுங்க" என்றார்.

அந்தத் தங்கச்சியின் பெயர் சரசு. வீடு அவிநாசிபாளையத்தில், நாங்கள் போகிற அதே ரோட்டின் ஓரத்தில். புருஷன் இல்லை. பத்து ஏக்கரையும் ஒரே மகள் பிரியாவையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியாவுக்கு நல்ல இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "குடும்பச் சீக்குன்னு தெரிஞ்சா அந்தச் சம்பந்தம் நிக்குமா மாப்ள? கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கலாம்" என்றார் மச்சான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி மருந்து. முடி கொட்டும் என்றார்கள். அப்போது என் மூளையில் உதித்ததுதான் அந்த யோசனை. திரும்பும்போது பழனி வழியாக வந்து அடிவாரத்தில் மொட்டை போட்டுவிட்டால் கொட்ட முடி ஏது? கேட்கிற ஆள்தான் ஏது? அப்படியே செய்தோம். கத்தியால் மழித்ததைக் கேட்டு டாக்டரம்மா அடுத்த தடவை சத்தம் போட்டார். சின்னக் கீறல் பட்டாலும் காய்ச்சலாகுமாம், கூட்டத்துக்குள்ளும் போகக்கூடாதாம். இந்த வழியை யோசிக்கிறவர்கள் மெஷின் கட்டிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் நாங்கள் மலை ஏறாமல் அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கி வந்து ஊருக்குக் கொடுத்தோம். ராயபுரத்தில் மச்சானின் பக்தியைப் பற்றித்தான் பேச்சு.

செல்வராஜ் மட்டும் புலம்புவார். "அண்ணாச்சி, நான் ஏசுவக் கும்பிடுதவன். மாசம் தவறாம பழனிக்குப் போறேன்னு எம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா சோறு போடமாட்டா. அந்த டப்பாவ எம் பைக்குள்ள வைக்காதிய."

போகும்போது அவிநாசிபாளையம் வந்தால் மச்சான் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டில் சரிந்து படுத்துக்கொள்வார். "கொஞ்சம் மிதிங்க தம்பி" என்பார் செல்வராஜிடம். வாசலில் விளக்கு எரிவது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தங்கச்சிகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டபோது மச்சான், "சொல்லியாச்சுங்க" என்றார். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற என் வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் போனபோது நிற்க வேண்டியதாகிவிட்டது. பழனிக்குப் போகிறார்கள் என்று அக்கா போனில் சொல்லியிருக்கிறாள். சரசு ரோட்டிலேயே நின்று கை காட்டினாள்.

"ஏனுங்ண்ணா, ஊட்டுக்குள்ள வரமாட்டீங்ளா? அத்தனை தடவ போறீங்க, தங்கச்சி நெனப்பு இல்லீங்ளா?"

"நேரமாச்சு கண்ணு. வரும்போது பாக்கலாம்."

மஞ்சத்துணியில் கட்டிய ஒரு முடிச்சை ஜன்னல் வழியாக நீட்டினாள். "இத உண்டியல்ல போட்ருங்ண்ணா. பிரிச்சுப் பாக்காதீங்க, வேண்டுதல் பலிக்காதுங்."

"பிரியா கல்யாணத்துக்குத்தானே? முருகன் நடத்திவெப்பான் போ" என்றார் மச்சான். அவள் சிரித்தாள்.

மறுநாள் திரும்பும்போது மச்சானுக்கு நிற்கவே முடியவில்லை. அடிவாரத்தில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றேன். "சரசு என்னையத்தானே போடச் சொன்னா" என்றார். கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி, மலைமேல் இழுத்துக்கொண்டு போகிற விஞ்சு வண்டியில் ஏறினோம். டிக்கெட் பத்து ரூபாய், வரிசை ஒன்றரை மணி நேரம். வயசானவர்களும் நோயாளிகளும் படியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

உண்டியல் முன்னால் போய் நின்றவர், கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாப்ள, இது காசு இல்ல. தகடு."

"இன்னொருத்தர் முடிச்சைப் பிரிக்கக் கூடாதுங்க மச்சான்."

பிரித்துவிட்டார். கண், கை, கால் என்று உடம்பில் நோய் வந்த பாகத்தை வெள்ளித் தகட்டில் அச்சடித்து விற்பார்களே, நேர்ந்துகொண்டு போடுவதற்கு, அந்தத் தகடுதான். இதில் இருந்தது ஒரு மார்பு.

பின்னால் நின்றவர்கள், "போடுங்க சாமி, நகருங்க" என்று நெருக்கினார்கள். மச்சான் அதைப் போடவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு கீழே இறங்கினார். காரில் ஏறி ஒரே வார்த்தை: "சரசு ஊடு."

பழனியிலிருந்து தாராபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து அவிநாசிபாளையம் இருபத்தைந்துக்கு மேல்.  செல்வராஜ் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினார்.

வீட்டுக்குள் போனதும் மச்சான் தகட்டை அவள் கையில் வைத்தார். அவள் பதறி, "பிரிச்சுட்டீங்ளா!" என்றாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பனியனைத் தூக்கிக் காட்டினார். இடது பக்கம் தழும்பு மட்டும் இருந்தது. சரசு கிட்டே வந்து பார்த்தாள்.

"ஆம்பளைக்குக் கூட வருமுங்ளா?" என்றாள் மெதுவாக.

"உனக்கு எப்ப இருந்து கண்ணு?"

"மாசியிலிருந்துங். பட்டாணி மாதிரி இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்காயாட்டம் ஆயிருச்சுங்."

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லல?"

"பிரியா கல்யாணம் முடியட்டும்னு இருந்தனுங்." அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஏன் சொல்லலீங்ண்ணா?" என்றாள்.

 நாங்கள் ஆபரேஷனுக்காக முதல்முதல் அந்த வாசலைத் தாண்டிப் போனபோது அது பட்டாணிக்குக் கொஞ்சம் பெரிசாக இருந்திருக்கும்.

அந்த வாரமே அவளையும் மதுரைக்குக் கூட்டிப்போனோம். மச்சானுக்கு மாத்திரை இருக்கிறது, அவளுக்கும் அதையே கொடுத்துவிடுவார்கள் என்று நான் வழியெல்லாம் தைரியம் சொன்னேன். என் சாயக் கதையையும் சொன்னேன். சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நீங்க சொன்னீங்களே, பாலியஸ்டர்னு. இது அந்த மாதிரி. ஹார்மோன் உட்கார்ற இடமே இந்தக் கட்டியில இல்லை. மாத்திரை கொடுத்தாலும் பிடிக்காது." ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ஜீன் பழுது என்றுதான் டாக்டரம்மா நினைக்கிறார். ஆனாலும் கட்டி வேறு. எலும்புக்கும் போய்விட்டிருந்தது.

தை மாசம் பிரியா கல்யாணம் நடந்தது. மேடையில் அண்ணனும் மொட்டை, தங்கச்சியும் மொட்டை. சேர்ந்து வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். இதற்கு மட்டும் நான் அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆவணியில் சரசு போய்விட்டாள்.

பிரியா சொல்லித்தான் இதை எழுதுகிறேன், பெயர்களைத்தான் மாற்றியிருக்கிறேன். அவள் தன் புருஷன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர்கள் ஒன்றும் சம்பந்தத்தை முறிக்கவில்லை. மாமியாரே வருஷா வருஷம் சோதனைக்குக் கூட்டிப்போகிறார். எந்தப் பயத்துக்காக ரெண்டு பேரும் மறைத்தார்களோ, அந்தப் பயத்துக்கு இடமே இல்லாமல் இருந்திருக்கிறது. 

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய ரிப்போர்ட்டையெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். கட்டியில் ஹார்மோன் பிடிக்கிற இடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். குண்டடம் தாண்டினால் காற்று பலம், தலையில் முடி இல்லாதவர்களுக்குக் காது அடைக்கும், மப்ளர் வேண்டும். பனியனில் காரணம் தெரியாத கறை தெரிந்தால் அதைச் சாயக்காரனிடம் கொண்டுபோகாதீர்கள்.

போன மாசம் மச்சானைச் சோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். காத்திருக்கிற இடத்தில் முழுக்கப் பெண்கள், ஓரமாக ஓர் ஆம்பிளை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பையும் வேட்டி கட்டிய விதத்தையும் பார்த்ததுமே நம்ம பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் எழுந்து அவரிடம் போனார்.

"எந்தூருங்க?"

"பல்லடமுங்க. சும்மா மீனாட்சி கோயிலுக்கு வந்தமுங்க."

"நானும் அப்படித்தானுங்க வந்தேன், பழனிக்கு" என்று சொல்லிவிட்டு மச்சான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்களுக்குத் தங்கச்சி இருக்குதுங்களா?"