துறைத் தலைவரைப் பாராட்டிய நாள்

மாணவர் பிரதிநிதித் தேர்தலில் நான் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். அந்த ஓட்டைப் போட்டவன் நான். ஓசூரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்த்துச் சலித்து, முப்பதை நெருங்கும்போது கிருஷ்ணகிரியில் அறை எடுத்துக்கொண்டு பி.எட். படிக்க வந்திருந்தேன். வகுப்பே என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டது. அதைத் தலைமைப் பண்புக்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் வரை சாக்பீஸ் வாங்கி வைப்பதே பதவியின் முழுப் பொறுப்பு. பிறகு, யார் எந்தப் பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் கல்வியியல் துறை வாசலில் ஒட்டப்பட்டது. எங்கள் வகுப்பில் பர்கூரிலிருந்து வரும் ஒரு பெண், ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குத் தளியைத் தாண்டி, கர்நாடக எல்லையோரத்தில் ஒரு பள்ளி. மூன்று பஸ் மாற வேண்டும். பயிற்சியின் நாற்பது நாளும் போகாவிட்டால் தேர்வு எழுத முடியாது, வருஷம் போய்விடும்.

"நீங்கதானண்ணா ரெப்பு? மேடத்துகிட்ட நீங்களே பேசிடுங்க" என்றாள்.

மேடம் என்றால் துறைத் தலைவர். சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார், அவ்வளவுதான். அகமதிப்பீட்டு மதிப்பெண் முழுக்க அவர் கையில்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் தயாரானோம். மைக்ரோ டீச்சிங் என்று, சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்து ஐந்து நிமிடம் பாடம் நடத்திப் பழகுவோம். கேள்வி கேட்க வேண்டும், பதில் வந்ததும் பாராட்ட வேண்டும். அதேபோல ஒருவனை மேடமாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தோம். அவன் மூன்று தடவையும் இரண்டே நிமிடத்தில் மனமிரங்கினான்.

மறுநாள் உள்ளே போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த முன்னுரை மறந்துபோயிற்று. ஒத்திகையில் கேட்ட கேள்வி மட்டும் எப்படியோ வெளியே வந்தது.

"மேடம், ஆறு மாசக் கர்ப்பிணி தினமும் மூணு பஸ் மாறிப் போக முடியுமா?"

"கஷ்டம்தான்" என்றார்.

"வெரிகுட்! சரியான பதில். வேற யாரு சொல்றீங்க?"

அறையில் வேறு யாரும் இல்லை. சொன்னது நான்தான் என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மதிப்பெண் போயிற்று, டி.சி.யும் கிடைக்கும், கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்றுவரை யோசித்துவிட்டேன்.

"உனக்கு எந்த ஸ்கூலுப்பா?"

"கிருஷ்ணகிரி டவுன்லயே, மேடம்."

பட்டியலை எடுத்து, இரண்டு பெயர்களுக்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி போட்டார். "மாத்தியாச்சு. கெளம்பு."

வெளியே வந்து நடந்ததையெல்லாம் சொன்னதும் அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அந்த ரூட்டப் பத்தி விசாரிச்சாருண்ணா. பஸ்ஸெல்லாம் கரெக்டா வந்துடுமாம். வழியில ஆனை நின்னாத்தான் லேட்டாவுமாம். எனக்குத்தான் ஆனைன்னா பயம். உங்களுக்கு என்னாண்ணா, மேடத்தையே 'வெரிகுட்'னு சொன்ன ஆளு."