என் ஆராய்ச்சியில் போன பண்ணை வேலை

கோயம்புத்தூரில் பி.ஏ. முடித்ததும் எனக்கு ஆராய்ச்சிக் கிறுக்குப் பிடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மேடைக்கு மேடை சமத்துவம் பேசினார்கள். அந்த எண்ணம் சீமைப் புத்தகத்திலிருந்து வந்ததா, நம் பண்ணையாட்கள் மனத்திலேயே கிடந்ததா என்று கண்டுபிடித்து எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காங்கேயத்துப் பக்கம் தாய்மாமன் பண்ணையில் மாடு பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறவரிடம் போனேன். பண்ணையாளும் பண்ணைக்காரரும் பிறப்பில் ஒன்றுதானே என்று கேட்டேன். மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டே, "ஆமாங்க சாமி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கட்டுரை ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது. அவர் பேரைப் போடவில்லை. ஆனால் கிணற்று மேட்டில் இரண்டு புளியமரம் நின்றதை அழகுக்காக எழுதிவைத்தேன். அந்த வட்டாரத்தில் அப்படி ஒரே கிணறுதான்.

அடுத்த முறை போனபோது கவலையில் வேறு ஆள். சாப்பிடும்போது மாமாவிடம் கேட்டேன். அவர் குரல்கூட உயரவில்லை.

"அவனக் கூப்பிட்டு, இப்படிச் சொன்னயாடான்னு கேட்டேன் மாப்பள. ஆமாங்கன்னான். போகச் சொல்லிப்போட்டேன். நீ சாப்புடு."

பண்ணைக்காரர் வீட்டு ஆள் எதைக் கேட்டாலும் பண்ணையாள் ஆமாங்க என்றுதான் சொல்வார். அந்த ஊர்ச் சோறு தின்று வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே அதை அரசியல் சிந்தனை என்று அச்சில் ஏற்றினேன். மடையன்.

திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். ஊரே படித்துவிட்டது, இனி முடியாது என்று மாமா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

விசாரித்து, அந்தப் பண்ணையாளைப் போத்தனூரில் பிடித்தேன். ரயில் பாதைக்குப் புருசனும் பெண்டாட்டியும் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார். அந்தம்மா எழவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார் அவர். அன்றைக்கு நிஜமாக என்னதான் நினைத்தீர்கள் என்று நாக்கு நிற்காமல் கேட்டும் தொலைத்தேன்.

அந்தம்மாதான் பேசினார். "இன்னுங் கேக்கறீங்களா சாமி? உங்களுக்கும் ஆமான்னாரு, அவுங்களுக்கும் ஆமான்னாரு. இவரு என்ன நெனைக்கறாருன்னு இருவது வருசமா எனக்கே தெரியாதுங்க. இருந்த குடிசையும் போச்சுங்க."

அவர் பெண்டாட்டியை அதட்டவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.