நான் படித்ததாகச் சொன்ன நாவல்

வங்கியில் கிளார்க்காக இருந்தவள் ஆபீசராக வேண்டுமானால் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அதில் பொழுதுபோக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். காலையில் மைசூர் விஜயநகரிலிருந்து சிட்டி பஸ், சாயங்காலம் திரும்பவும் அதே பஸ். போக்குவதற்குப் பொழுது எங்கே இருந்தது? ஆனாலும் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆள் மந்தம் என்று நினைப்பார்களாம். 'நாவல் வாசிப்பு' என்று எழுதி வைத்தேன். கல்லூரி நாட்களில் அது உண்மைதான். கல்யாணத்துக்குப் பிறகு நான் முழுசாகப் படித்த ஒரே புத்தகம் குக்கரோடு கொடுத்த விளக்கப் புத்தகம். அதிலும் ஹிந்திப் பகுதியை விட்டுவிட்டேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வட்டி விகிதம், வராக்கடன் என்று கேட்டு முடித்தார்கள். நடுவில் இருந்தவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மேலாளர், தமிழர். என் விண்ணப்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நாவல் படிப்பீங்களா? நம்ம ஊர்க்காரங்க யாரும் இங்க படிக்கிறதே இல்லைன்னு நினைச்சேன். கடைசியா என்னம்மா படிச்சீங்க?"

எனக்கு ஒரு பெயர்கூட ஞாபகம் வரவில்லை. நாக்கு மட்டும் எப்படியோ ஓடியது. 'மாற்றுப் பாதை' என்றேன். ஒரு குடும்பத்தலைவி கடைத்தெருவுக்குப் போகக் கிளம்பி, தவறான பஸ்ஸில் ஏறி, இறங்க மனசில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறாள் என்றேன். அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்த விஷயம் அதுதான்.

மேலாளர் நிதானமாகத் தலையசைத்தார். "ஆமா ஆமா, படிச்சிருக்கேன். நல்ல நாவல். முடிவுதான் கொஞ்சம் சறுக்கிடுச்சு."

நான் இன்னும் முடிவே யோசிக்கவில்லை. அதற்குள் அவர் அதில் குறை கண்டுபிடித்துவிட்டார்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. போட்ட இடம்தான் சரியில்லை. மைசூரிலேயே, அதே மேலாளருக்குக் கீழே, அதே அலுவலகத்தில். முதல் வாரமே மேஜைக்கு வந்துவிட்டார்.

"அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்காம்மா? வீட்ல கேக்கறாங்க. அவங்க பெரிய படிப்பாளி."

"தேடி எடுத்துட்டு வரேன் சார்" என்றேன்.

வேறு வழி இல்லை. அந்தக் கதைக்கு ஒட்டினாற்போல ஏதாவது ஒரு நாவலைக் கண்டுபிடித்து, தலைப்பை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இப்படித்தான் பதினான்கு வருஷம் கழித்து நான் மறுபடி வாசகியானேன். இலக்கிய தாகம் ஒன்றும் இல்லை, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான்.

முதலில் நூலகத்துக்குப் போனேன். எங்கள் லேஅவுட்டில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு இரும்பு பீரோ வைத்திருந்தார்கள். அதைத்தான் நூலகம் என்று சொல்லிக்கொண்டோம். அது ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவரின் கார் ஷெட்டில் இருந்தது. கார் வெளியே வெயிலில் நிற்கும், பீரோ உள்ளே நிழலில் இருக்கும். அந்த அளவில் தமிழுக்கு மரியாதை இருந்தது. சாவி அவருடைய இடுப்பில்.

"பெண் வீட்டை விட்டுப் போற மாதிரி ஏதாவது நாவல் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்ல எல்லாம் சௌக்கியம்தானேம்மா?"

சௌக்கியம்தான் என்று இரண்டு முறை சொன்ன பிறகு பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் அட்டை போட்டு மறைத்து ஒரு வரிசை இருந்தது. அதை நோக்கிக் கை நீட்டினேன். "அது குடும்பப் பெண்களுக்கு இல்லை" என்றார். அவர் மட்டும் அதை முழுக்கப் படித்து முடித்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருந்தார். எனக்குக் கிடைத்தது ஐந்து பாகச் சரித்திர நாவல். முதல் இரண்டு பாகத்தில் குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றாம் பாகம், மாற்றலாகி டெல்லிக்குப் போன ஒரு உறுப்பினரோடு போய்விட்டது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொண்டு நான்காம் பாகம் படிக்கலாம் என்று தைரியம் சொன்னார்.

அடுத்து, அலுவலகத்தில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கும் கொள்ளேகாலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற ஒரு சக ஊழியர். தோளில் எப்போதும் துணிப்பை. தீவிர இலக்கியம் தவிர வேறு எதையும் தொடமாட்டார். 

"கதை இருக்கிற நாவலை நான் படிக்கிறதில்லீங்க" என்றார், சர்க்கரை சேர்ப்பதில்லை என்கிற மாதிரி.

அவர் கொடுத்த தடித்த புத்தகத்தில் கதாநாயகன் முதல் பக்கத்தில் கண் விழித்தான். நாற்பதாம் பக்கத்தில் இன்னும் பாயில்தான் இருந்தான். நானோ அதற்குள் இட்லி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, ஆபீசுக்கே வந்துவிட்டேன். அவனோடு எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. திருப்பிக் கொடுத்தபோது, "உங்களுக்குப் புரியாதுன்னு தெரியும்ங்க" என்று அன்பாகச் சொன்னார்.

கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டு கடையில் தமிழ் மாத நாவல்கள் கிடைக்கும். அவரையே வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் மூன்றை நாளிதழில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு, மேஜைக்கு அடியில் நீட்டினார். "நான் வாங்கினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சனி, ஞாயிறில் மூன்றையும் முடித்தேன். மூன்றிலும் முதல் பக்கத்திலேயே கொலை. திங்கட்கிழமை எந்தக் கொலையை யார் செய்தார்கள் என்று எனக்குக் குழம்பிப்போயிற்று. தவறான பஸ்ஸில் ஏறியவள் ஒருத்திகூட இல்லை.

இதற்குள் தசரா வந்துவிட்டது. மேலாளர் வீட்டில் கொலு, அலுவலகமே அழைக்கப்பட்டிருந்தது. போகாமல் இருக்க முடியாது. சுண்டல் கிண்ணத்தோடு ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தேன். மேலாளரின் மனைவி நேராக என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம்.

"பஸ் நாவல் சொன்னது நீங்கதானே? யார் எழுதினது?"

மேலாளர் குறுக்கே வந்தார். "நானும் படிச்சிருக்கேன்னு சொன்னேனே. மெட்ராஸ்ல இருக்கும்போது."

"நீங்க கடைசியா படிச்சது நம்ம கல்யாணப் பத்திரிகை. அதுலயும் உங்க பேர் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்தீங்க" என்றார் அந்த அம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

பிறகு அந்த அம்மாள் பொம்மை காட்டுகிற சாக்கில் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போனார். சுவர் முழுக்கப் புத்தகம். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அப்படி ஒரு நாவலே இல்லை, இல்லையா?"

"இல்லை மேடம்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் வந்தது. "ரெண்டு மாசமா மெட்ராஸ்ல இருக்கிற கடைக்கெல்லாம் எழுதிக் கேட்டுட்டிருக்கேன் தெரியுமா? இல்லாத புஸ்தகத்துக்கு இப்படி ஒரு நல்ல கதையா சொல்றது?"

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன். பீரோவை, குதிரைகளை, பாயை விட்டு எழாதவனை. பாயில் படுத்திருந்தவனிடம் வந்தபோது அவர் முகம் இளகியது. "அவன் கடைசிப் பக்கம் வரைக்கும் எழுந்திருக்கல. நான் பார்த்துட்டேன்" என்றார். அலமாரியிலிருந்து ஒரு ஒல்லியான புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்தார். "முப்பது பக்கம் படிங்க. பிடிக்கலைன்னா மூடிடுங்க. யாருக்காகவும், மரியாதைக்குன்னு ஒரு புஸ்தகத்தை முடிக்காதீங்க. அப்புறம், மேடம் எல்லாம் வேண்டாம். அக்கான்னு கூப்பிடுங்க."

அது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்துச் சமைக்கிற இரண்டு ஓரகத்திகளின் கதை. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருத்தி உடம்பு முடியாமல் படுக்க, மற்றவள் ஒன்றும் பேசாமல் கஞ்சியைக் கொண்டுபோய் வாசலில் வைக்கிறாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தேன். மதியம் பிள்ளைகள் பன்னும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். என் கணவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு ப்ரமோஷன் பரீட்சையா?"

"இல்லைங்க, கதை."

"கதையா?" என்றார், நான் திருட்டுத்தனமாக மிக்சர் தின்பதைப் பார்த்தவர் போல. சாயங்காலம் அவரே காபி போட்டார். மோசமான காபி. குடித்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. அந்தக் கஞ்சிப் பாத்திரம் வாசலில் இருந்த இடத்தை நான் இன்னொரு முறை திருப்பிப் படித்தேன். இத்தனை வருஷம் இது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று மனசு குத்தியது. நேரமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். சாயங்காலம் ஒரு டிவி சீரியல்கூட நான் தவறவிட்டதில்லை.

அதன் பிறகு வாரம் ஒரு புத்தகம். அக்கா கொடுத்ததில் பாதியை முப்பதாம் பக்கத்தில் மூடினேன், கூசாமல் திருப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, அந்த மார்ச் மாதம் வரை. அப்போது கொடுத்தது அவருக்கு உயிரான நாவல். தம்பிகளுக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாமல் உழைத்துத் தேய்கிற ஒரு பெண்ணின் கதை. முழுசாகப் படித்துவிட்டுப் போய்ச் சொன்னேன், "அக்கா, அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ரெண்டு அறை விடணும்."

அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார். காபி கொடுக்கவில்லை. பத்து நாள் பேச்சு இல்லை.

பதினோராவது நாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னம்மா இது, வீட்ல உங்க மேல வருத்தமா இருக்காங்க. யாரோ ஒரு பொண்ணை அறையணும்னு சொன்னீங்களாமே? பாவம், தம்பிங்களைக் காப்பாத்தற பொண்ணாம். நம்ம ஸ்டாஃபா?"

"இல்லை சார்."

"அப்போ விஜயநகர்லயா? எதுக்கும் நிதானமா இருங்க. போலீஸ் அது இதுன்னு போயிடக் கூடாது."

"சரி சார், அவளை ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவளுக்கு வேற என்ன வழி இருந்தது, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நின்றபடியே ஆரம்பித்தோம்.