கலியன் காட்ட நினைத்த படம்

நெய்வேலியில் ஒருவன் டெலிவிஷன் செய்தான் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். டில்லியிலேயே விரல் விட்டு எண்ணுகிற பெட்டிகள்தான் இருக்கின்றனவாம், இங்கே எலெக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் ஹெல்பர் கலியன் செய்துவிட்டானாம்! சிரிக்கட்டும். முதலில் சிரித்தவனே நான்தான்.

கலியனுக்கும் எனக்கும் ஊர் முத்தாண்டிக்குப்பம். இரண்டு வீட்டுக்கும் கையகல நிலம் கிடையாது. அப்பன் பாட்டனெல்லாம் அடுத்தவன் கழனியில் ஏர் ஓட்டிச் செத்தவர்கள். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது நிலம் இருந்தவர்கள் அழுதார்கள்; நாங்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தோம். அது 1957. நான் நடுவில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு ஓடிவிட்டுத் திரும்பியதால் கான்ட்ராக்டிலேயே கிடந்தேன். அவன் ஒரே இடத்தில் நின்றான், பெர்மனென்ட் ஆனான், குவார்ட்டர்ஸ் வாங்கினான். என் சித்தப்பன் மகள் அம்சவல்லியைக் கட்டி எனக்கு மச்சானும் ஆனான்.

படித்தது எட்டாவது. அதற்கு மேல் அவன் கற்றதெல்லாம் தபாலில் வந்த ரேடியோ பாடம்தான். பிளாக்கில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் வாசலிலேயே நிறுத்தி டம்ளரில் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். அவன் அதையும் சிரித்துக்கொண்டே குடிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு டெலிவிஷன் ஆசை வந்தது சினிமா பார்க்க அல்ல. சுரங்கத்தில் கரி ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டில் விழுகிற இடம் உண்டு. அங்கே கரி அடைத்துக்கொண்டால் உடனே பெல்ட்டை நிறுத்த வேண்டும். அதைப் பார்க்கவே ஷிப்ட்டுக்கு ஓர் ஆள், எட்டு மணி நேரமும் தூசியில். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அங்கே ஒரு கேமராவை வைத்துவிட்டால், ஆள் தூர ஷெட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே பெல்ட்டை நிறுத்தலாம் என்பான் கலியன்.

சுரங்க மெஷின்களை மாட்ட வந்து, வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர், இவனுடைய பைத்தியத்தைப் பார்த்து, கேமராவின் உயிரான கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குழாய்தான் எதிரில் இருப்பதைப் பார்த்து மின்சாரமாக மாற்றும். நம் நாட்டில் கடையில் கிடைக்கிற சாமான் அல்ல அது. மற்றதையெல்லாம் கழித்துப்போட்ட பொருள்களிலிருந்து அவனே சேர்த்தான். ஆறு வருஷம் ஆனது. ஒருநாள் அவன் வீட்டில், சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத் திரையில், அம்சவல்லி முறத்தில் அரிசி புடைப்பதைப் பச்சை நிறத்தில் நான் பார்த்தேன். அவளோ அடுத்த அறையில் இருந்தாள். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

பெரிய இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கச் சம்மதித்தார். அவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கலியன் டெக்னீஷியன் ஆகிவிடுவான், இந்த வேலையையே அவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். "ஒரே ஒரு தபா அவரு படத்த பாத்துட்டா போதும் மச்சான்" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்தப் படம் கெட்டது என்னால்தான்.

ஏற்பாடு இதுதான்: கலியனும் பெரியவரும் தூர ஷெட்டில் திரைக்கு முன்னால். நான் பெல்ட் பக்கத்தில் கேமராவோடு. போன் மணி அடித்ததும் நான் மூடியைக் கழற்ற வேண்டும். "கேமராவ மட்டும் வெயில் பக்கம் திருப்பிடாத மச்சான், கொழா பொசுங்கிப் பூடும்" என்று நூறு முறை சொல்லியிருந்தான்.

காலையில் கிளம்பும்போது என் பெண்சாதி தனம் மறித்தாள்.

"இன்னாங்க, அது கண்ணுதான? கோயில்ல செலைக்குக் கண்ணு தொறந்தா எதிர்க்க யாராவது நிப்பாங்களா? மொத பார்வ மனுசன் மேல வுழக் கூடாது. கண்ணாடிதான காட்டுவாங்க?"

"வூட்டுலயே அது பத்து தபா பாத்துடுச்சு, போடி."

"வூட்டுல பாத்தது கணக்கா? சிற்பி பட்டறையிலயா செலைக்குக் கண்ணத் தொறக்கறாங்க? வெச்ச எடத்துல தொறக்கறதுதாங்க கண்ணு."

அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. இப்போது யோசித்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை. அவள் தலைவாரும் கண்ணாடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கலியனுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் கொண்டுபோனேன்.

உச்சி வெயில். கேமரா வடக்கு பார்த்து இருந்தது, நான் அதைத் தொடவில்லை. மணி அடித்தது. கண்ணாடியை எதிரே பிடித்து, மூடியைக் கழற்றி, முத்தாலம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடியில் பட்ட வெயில் கேமராவுக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவை நான் வெயிலுக்குத் திருப்பவில்லை. வெயிலைக் கேமராவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கலியன் ஓடி வந்தான். என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்னாலேயே பெரியவர் வந்தார்.

"என்னய்யா, வெறும் வெள்ளையா வந்து அப்படியே கறுத்துப் போச்சு? இதுக்கா என்னைக் கூப்பிட்ட?"

நான் வாயைத் திறந்தேன். கலியன் எழுந்து என் காலை மிதித்தான். "என் வயரிங்தாங்க தப்பு. இவன் மூடியக் கழட்டனதோட சரிங்க."

மறுமாதம் வர இருந்த பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இருந்தது; தப்பு என்னுடையது என்றால் அது போய்விடும். அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மிதித்த காலை எடுத்த பிறகாவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

வேறு குழாய் கேட்டு ஜெர்மன்காரருக்கு நான்கு கடிதம் எழுதினான். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் அம்சவல்லி வாசலுக்கு வருவாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கலியன் மோட்டாருக்குக் கம்பி சுற்றப் போய்விட்டான். பிளாக்குக்காரர்கள் ரேடியோவைக் கொண்டுவந்தால், "எனுக்குத் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்தினான். என்மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே பேச்செடுத்தான்.

"அன்னிக்குப் படம் வந்துச்சு மச்சான்."

"எப்ப?"

"வெளுக்கறதுக்கு முன்னாடி. ஒரு நொடி. அப்பிடி ஒரு தெளிவு வூட்டுல கூட வந்ததில்ல. அந்நேரம் பாத்து அந்தாளு சிகரெட்டு பத்த வெக்கக் குனிஞ்சாரு."

"இன்னா தெரிஞ்சிது?"

"கண்ணாடி ஓரத்துல உன் மூஞ்சி. கண்ண மூடி சாமி கும்புட்டுகினு இருந்த."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுவாரம் அவன் போய்விட்டான். முப்பத்தாறு வயது. ஒர்க்‌ஷாப் போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'ஹெல்பர் கலியன் காலமானார்.' கீழே சாக்பீஸ் கிடந்தது. 'ஹெல்பர்' என்பதை அழித்துவிட்டு 'இன்ஜினியர்' என்று எழுதக் குனிந்து எடுத்தேன். பின்னால் போர்மேன் வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. சாக்பீஸைப் பழையபடி கீழே வைத்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனேன்.