ஆலா முட்டையிட்ட மணல்

மழையில் நனைந்த தேங்காய்நார்க் கயிற்றின் வாடை இன்று ஒரு கடை வாசலில் அடித்ததும், ஊரே இல்லாமல் போன தனுஷ்கோடியில் கரைவலை இழுத்த காலைகளும் லூர்து அத்தையின் முகமும் நினைவுக்கு வந்தன. கரையில் நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்துப் பின்நடையாகவே மேலேறி வலையை இழுப்பார்கள் என்பதால், ஆலாப் பறவைகள் வெறும் மணலில் இடும் மணல்நிற முட்டைகள் காலடியில் நசுங்காமல் இருக்க, அத்தை விடியுமுன்பே தேடித்தேடி ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டுவிட்டு, "அங்கன முட்டை கெடக்கு, தள்ளி வாங்க" என்று அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"ஒந் தங்கச்சி நம்மள மீன் பிடிக்க விடமாட்டா போலயே" என்பார் அந்தோணி மாமா என் அய்யாவிடம்.

"அவ பறவைக்கு வாக்கப்பட்டவ, விடப்பா" என்பார் அய்யா.

ஒரு சித்திரையில் இரண்டே நாள் காய்ச்சலில் அத்தை இறந்துபோனாள். அடக்கம் முடிந்து நான்காம் நாள் வலை விட்டபோது, புது முட்டைகள் எங்கே இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தலைக்கு மேல் ஆலாக்கள் கத்தின. அய்யா கொஞ்ச நேரம் மணலையே பார்த்தார்.

"ஈர மண்ணத் தாண்டி யாரும் மேல ஏறாதீக. தண்ணிக்குள்ள நின்னே இழுப்போம்."

முதலில் இறங்கியவர் அந்தோணி மாமா. பின்னால் நடக்க இடமில்லாமல் நின்ற இடத்திலேயே இழுத்ததில் வலை மெதுவாக வந்தது, பாதி மீன் தப்பியது. மேல்மணலில் அன்று எங்கள் காலடி ஒன்றுகூட விழவில்லை.