அடைகல்லில் ஒரு தட்டு

என் அண்ணனுக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். நடுவில் இருக்க வேண்டிய மூன்றும் போய் நான்கு வருடம் ஆகிறது. யாராவது கேட்டால் அவனே முந்திக்கொண்டு சொல்வான்: "யார் மேலயும் தப்பு இல்லீங்க. கல்லத் தட்டாமலே கைய விட்டுட்டேன். மறதி." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்று இருக்கும். அவன் தட்டினான். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

எங்கள் பட்டறையில் செம்புக் கிண்ணம் செய்கிறோம். சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரே அறை. இரும்புக் கதவைத் தூக்கினால் உலை, தண்ணீர்த் தொட்டி, நடுவில் குழி விட்ட இரும்பு அடைகல், சன்னலோரம் என் பலகை. அண்ணன் செம்புத் தகட்டை உலையில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்குவான். அப்போதுதான் அது இளகி அடிக்கு வளையும். பிறகு குழியின்மேல் வைத்து இடது கையில் குறட்டால் பிடித்துக்கொள்வான். வலது கையில் சின்னச் சுத்தி. அவன் சுத்தி தொட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் சம்மட்டியை இறக்குவார். அடிக்க அடிக்கத் தகடு குழிக்குள் இறங்கிக் கிண்ணமாகும். அந்தக் கிண்ணத்துக்குள் அரக்கை உருக்கி ஊற்றி, இறுகியதும் வெளிப்பக்கம் உளியால் இலையும் கொடியும் கொத்துவது என் வேலை. உள்ளே அரக்கு இல்லாவிட்டால் உளி பட்ட இடமெல்லாம் ஒடுக்கு விழும்.

பத்து இருபது அடிக்கு ஒரு தடவை அண்ணன் சுத்தியால் அடைகல்லின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். நிறுத்து என்று அர்த்தம். சம்மட்டி தரைக்கு வந்துவிட வேண்டும். அவன் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரலைக் கிண்ணத்துக்குள் விட்டுத் தடவுவான். எங்கே கனம், எங்கே மெலிசு என்று அந்த விரலுக்குத் தெரியும். மற்ற பட்டறைகளில் இரண்டு தட்டு, மூன்று தட்டு, கூடவே ஒரு கத்தல். இவனுக்கு ஒன்றே ஒன்று. "கேக்குறவனுக்கு ஒண்ணு போதும்" என்பான். தெருவில் அவனுக்குப் பேரே ஒத்தத்தட்டு.

பதினாறு வயதில் அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தவன். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவன்தான். எனக்கு ஜுரம் வந்தால் உலையை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். கட்டிக்கொடுக்கும்போதுகூடத் தூரமாக அனுப்ப மனசில்லாமல், தன் சம்மட்டிக்காரருக்கே என்னைக் கட்டிவைத்தான். அண்ணி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளையும் அவனே தனியாக ஆளாக்கினான். இப்படிப்பட்டவனுக்குத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

என் வீட்டுக்காரருக்குக் காது போனது ஒரே நாளில் இல்லை. முப்பது வருடச் சம்மட்டிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது. ஒருநாள் பால் பொங்கி வழிகிறது, பக்கத்திலேயே நிற்கிறார், நான் கத்துகிறேன், மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை. பட்டறையில் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். போதாததற்கு அவர் எப்போதுமே பேசாத ஆள். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது தலையாட்டியவர், அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

"அண்ணன்கிட்ட சொல்லிடலாம்" என்று அவர் என் வாயைப் பார்க்கும்படி நின்று சொன்னேன்.

"சொன்னா சம்மட்டிய வாங்கி வச்சிடுவாரு" என்றார். "அப்புறம் நான் அங்க என்ன, ஈ ஓட்டுறதா?"

அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அண்ணன் அந்த விஷயத்தில் கறார். காது கேட்காதவனைக் கல்லுக்கு எதிரே நிற்க விடமாட்டான். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பலகை அவருக்கு நேர் எதிரே, அண்ணனின் முதுகுக்குப் பின்னால். அண்ணன் தட்டியதும் நான் இடது கையைத் தூக்குவேன், அவர் நிறுத்திவிடுவார். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. இரண்டு வருடம் ஓட்டினோம்.

அன்றைக்கு என் உளி பலகையிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். குனிந்தபடியே தட்டுச் சத்தம் கேட்டேன். நிமிர்வதற்குள் அடுத்த அடி விழுந்துவிட்டது. அது செம்பில் விழுந்த சத்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்த பிறகு அண்ணன் முதலில் கேட்டது, "மாப்ள, நான் தட்டலையா?"

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நீங்க தட்டலையே மச்சான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ கேட்டியா?"

ஒரு பக்கம் அவன் கை. இன்னொரு பக்கம் கதவோரம் மாமாவை வெறித்துப் பார்த்தபடி ஏழு மாத வயிற்றோடு நிற்கிற அண்ணன் மகள். அப்பனின் விரலை நசுக்கியது செவிட்டு மாமா, அதற்குத் துணை போனது அத்தை என்று தெரிந்தால் அவள் எங்களைச் சும்மா விடுவாளா?

"இல்லண்ணே" என்றேன். "கேக்கல."

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

விரலோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. உலையை அணைத்தோமா என்று பாதித் தெரு போனவன் திரும்பி வருவான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் அசட்டுச் சிரிப்பு. இரண்டு மாதம் கழித்துப் பேத்தி பிறந்தாள். மகள் துணியில் சுற்றி நீட்டினாள். அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் வேணாம்மா. மறந்தாப்புல விட்டுட்டேன்னா?"

அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எத்தனையோ தடவை சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. அவன் தூர இருந்தே கொஞ்சினான்.

அதற்குப் பிறகு நாங்கள் கிண்ணம் அடிக்கவில்லை. மிஷினில் இழுத்த கிண்ணத்தை வெளியே வாங்கி, கொத்து வேலை மட்டும் செய்தோம். என் வீட்டுக்காரர் அரக்கு உருக்கினார். சம்மட்டி மூலையில் கிடந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஒளிப்பானேன்?

போன மாதம் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து வந்து கேட்டார்கள். முன்கூடத்தில் வைக்க அறுபது கிண்ணம், கனமாக, கையால் அடித்ததாக. அண்ணன் மகள், "நான் உக்காந்து புடிக்கிறேன். மாமா அடிக்கட்டும்" என்றாள். சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அண்ணன் சரி என்று சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மறுபடியும் கை தூக்கச் சொல்கிற பார்வை.

முதல் கிண்ணத்துக்கு நான் கொத்து வேலையைத் தொடவே இல்லை. அவள் சுத்தியையே பார்த்துக்கொண்டு, தட்டும்போதெல்லாம் கையைத் தூக்கினேன். இரண்டாவது கிண்ணத்தில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி எதற்கோ அழுதாள். ஒரே ஒரு நொடி திரும்பினேன். தட்டுச் சத்தம். என் கை எழும்புவதற்குள் சம்மட்டி கிண்ணத்தில் இறங்கியது. அண்ணன் மகள் அப்போதுதான் சுத்தியை வைத்துவிட்டு விரலை நீட்டப் போயிருந்தாள்.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தாள். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

உலைப்பக்கம் அடுத்த தகட்டைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கு அந்த இரைச்சலில் தட்டுக் கேட்கவில்லை. சம்மட்டி இறங்கியதை மட்டும் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. மகளைத்தான் திட்டினான். "நீ ஒழுங்கா தட்டியிருக்க மாட்ட. தட்டினோம்னு நெனச்சிருப்ப. எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு, தட்டின மாதிரியே. நம்ம ரத்தமே மறதி ரத்தம். எந்திரி, வேணாம்."

"தட்டினேன்ப்பா."

"எந்திரிங்குறேன்ல."

அவள் கண்ணில் ஒரு சந்தேகம் வந்தது. தட்டினோமா இல்லையா என்று அவளும் யோசிக்க ஆரம்பித்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ தட்டினா" என்றேன். "நீயும் தட்டின அண்ணே. அன்னைக்கு நான் கேட்டேன். இவருக்குத்தான் காது இல்ல. ஆறு வருஷமா இல்ல."

அண்ணன் என்னைத் திட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்து, சம்மட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அண்ணன் இடது கையால் சுத்தியை எடுத்தான். அடைகல்லில் ஒரு தட்டுத் தட்டினான். முதுகு அசையவில்லை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் ஓங்கி இன்னொரு தட்டுத் தட்டினான். முதுகு அப்படியே இருந்தது.

சுத்தியை மெதுவாகக் கல்லின்மேல் வைத்தான்.

"விரல் போனா போகட்டும்" என்றான். "பிள்ளைய நான் ஒரு தடவகூடத் தூக்கலையே."

காலில் விழலாம் என்று எழுந்தேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனான். பேத்தி படியில் உட்கார்ந்து செம்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். விரல் இருந்த கையையும் இல்லாத கையையும்.

"வாடா கண்ணு. தாத்தா தூக்குறேன்."

குழந்தை அந்தக் கையைப் பார்த்தது. எழுந்து ஓடி வந்து அம்மாவின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டது. அண்ணன் கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"பழக்கமில்லப்பா" என்றாள் மகள்.