வராத காய்ச்சல்

கல்யாண வீட்டுக்குப் போனால் மஸாஹிராவின் பக்கத்துக் கதிரை கடைசிவரை காலியாகவே கிடக்கும். திகனையில் இறந்த பெண்களின் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். ஒரே தட்டில் கூடி உண்ணும் சஹன் சோற்றில் கை வைக்கிற நேரத்தில் அந்தக் கைகளைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் வீட்டில் ஒரு மௌத்து நடந்துவிட்டால், கதிரை மாறி உட்கார்ந்த அதே பெண்கள்தான் முதலில் அவளுக்குப் போன் எடுப்பார்கள். அவளும் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் போவாள். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை.

குளிப்பாட்டுகிறவள் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது. ஊரில் எத்தனையோ பெண்களின் மச்சமும் தழும்பும் அவளோடு இருந்தன. ஒன்றுகூட வாய் தவறி வந்ததில்லை. தெரிந்ததைச் சொல்லமாட்டாள், சொன்னால் பொய் சொல்லமாட்டாள் என்று அவளுக்கு ஊரில் ஒரு பெயர்.

பக்கத்து வீட்டு ஸுலைஹாவின் தழும்பை மட்டும் அவள் உயிரோடிருக்கும்போதே மஸாஹிரா பார்த்திருந்தாள். மகள் றமீஸா தவழ்கிற வயதில் அடுப்பிலிருந்த சுடுதண்ணிக் கேத்தலைப் பிடித்து இழுத்துவிட்டது. ஸுலைஹா பாய்ந்து குறுக்கே விழுந்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தாய்க்கு விலாவிலிருந்து வயிறுவரை வெந்துபோனது. மருந்து கட்டியவள் மஸாஹிரா. அப்போதே ஸுலைஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத அவள் ஒரு நாளும் காணக் கூடாது. தன்னாலதான் எண்டு தெரிஞ்சா புள்ள உருகிப் போகும். நான் மௌத்தானா நீங்கதான் என்னக் குளிப்பாட்டோணும்.”

மஸாஹிரா ஸுலைஹாவின் தலையில் கைவைத்துச் சரி என்றாள். றமீஸா வளர்ந்து கல்யாணம் முடித்து, தானும் ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் அந்தத் தழும்பைக் காணவில்லை.

பிறகு கொரோனா வந்தது. அந்த நோயில் போனவர்களை வீட்டாரின் கையில் கொடுக்கவேயில்லை. குளிப்பாட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது அலையின்போது தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே மஸாஹிரா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். கையைக் கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் உரிந்துவிட்டது. கணவர் தாஸிமுக்குத் தொய்வு. நடந்தாலே மூச்சு வாங்கும். அவருக்காகத்தான் பயப்படுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஸுலைஹா ஒரு காலையில் தொழுத இடத்திலேயே சாய்ந்து மௌத்தாகிவிட்டாள். நீண்ட கால நெஞ்சு நோய். சோதித்துப் பார்த்துக் கொரோனா இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி அடக்கலாம், ஆட்கள் மட்டும் குறைவாக இருக்க வேண்டும். றமீஸா போன் எடுத்து, மாமி வாங்க என்றாள்.

மஸாஹிரா வெளியே போகப் போடும் அபாயாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். கதவடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். சோதனை பிழையாக இருந்தால்? அந்த ஒரு கேள்விக்கு முன்னால், பிடித்த கையும் கொடுத்த வாக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை.

“எனக்குக் காய்ச்சல் மகள்,” என்றாள். “வந்தா ஒங்களுக்கும் தொத்திடும்.”

றமீஸா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு யாரும் வரத் துணியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தானே உம்மாவைக் குளிப்பாட்டத் தொடங்கினாள். இந்தப் பக்கத்தில், ஒரே ஒரு மதில் தள்ளி, மஸாஹிரா கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தாள். முதலில் உளு, முகமும் கைகாலும் கழுவுங்கள். வலப்பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், நோகும். கடைசித் தண்ணீரில் கற்பூரம். நடுவே காய்ச்சல்காரி என்பது நினைவுக்கு வந்து ஒரு தடவை இருமியும் வைத்தாள். அந்த இருமலுக்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

திடீரென்று அந்தப் பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“மாமி, உம்மாட வகுத்துல இது என்ன?”

“தண்ணிய ஊத்துங்க மகள்,” என்று மட்டும் சொன்னாள்.

பொய் அதோடு நிற்கவில்லை. மஸாஹிராவுக்குக் காய்ச்சலாம் என்ற பேச்சு சுகாதாரப் பரிசோதகர் காதுக்கும் எட்டி, அவர் வந்து கேட்டில் தனிமைப்படுத்தல் தாள் ஒட்டினார். யாரும் வெளியே வரக் கூடாது, பயப்பட வேண்டாம், மனதைத் தைரியமாக வைத்திருங்கள் என்று தூரத்தில் நின்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார். இல்லாத நோய்க்கு மஸாஹிரா வீட்டோடு அடைந்து கிடந்தாள். பாவம் தாஸிமும் சேர்ந்து கிடந்தார். கேட்டுக்கு வெளியே தினமும் ஒரு பாத்திரத்தில் சுடச்சுடக் கஞ்சி வந்தது. கொண்டுவந்து வைத்தவள் றமீஸா. உம்மாவை அடக்கி ஈரம் காயாத பிள்ளை, மாமிக்கு உடம்பு சரியில்லையே என்று கஞ்சி காய்ச்சுகிறாள். தாஸிம் ருசித்துக் குடித்தார். மஸாஹிராவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தூக்கமும் போனது. கண்ணை மூடினால் ஸுலைஹா கையைப் பிடிப்பாள்.

தனிமை நாட்கள் முடிந்து தாளைக் கிழித்த அன்றே உண்மையைச் சொல்லிவிடுவது என்று பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். எனக்குக் காய்ச்சலே வரவில்லை, பயந்துபோய்ப் பொய் சொன்னேன்: வழி முழுக்க அதைத்தான் சொல்லிப் பார்த்தாள். வழி என்ன, பத்தடி.

வாய் திறப்பதற்குள் றமீஸா முந்திக்கொண்டாள். முகம் பாதியாகியிருந்தது.

“மாமி, அந்தத் தழும்பு. சின்னதுல நான் ஏதும் செஞ்சேனா? சுடுதண்ணி, உம்மா கத்தின சத்தம், என்னமோ ஞாபகம் மாதிரி ஈக்கி. வாப்பாவும் இல்ல கேக்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதால ஒங்கள்ட்ட கேக்கிறேன்.”

மஸாஹிரா பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அது நீங்க பொறக்க முந்தியே ஈந்தது, மகள். சோறு வடிக்கக்க பானை சரிஞ்சிட்டு.”

றமீஸா அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். அடக்கம் நடந்த நாளிலிருந்து சரியாக மூச்சு விட்டது இப்போதுதான் என்பதுபோல் இருந்தது அந்த அழுகை. கொண்டுவந்த உண்மை மஸாஹிராவின் நாக்கிலேயே இருந்தது. அதைச் சொன்னால் அவள் பொய்காரி. பொய்காரி சொன்ன பானைக் கதையை யார் நம்புவார்கள்? இனி எந்தக் காலத்திலும் அதைச் சொல்ல முடியாது.

றமீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்ச்சல் விட்டதா என்று கேட்டாள்.

“விட்டிச்சு மகள்.”

நம்பாமல் கையை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்று உம்மாவைக் குளிப்பாட்டிய கை.

“மெய்தான் மாமி,” என்றாள். “நல்லாக் குளிர்ந்து ஈக்கி.”